பெல்ஜிய பீரை ஐஸில் புதைக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த பெல்ஜியப் பயணக் கட்டுரையை ஆசையோடு படித்தேன். புரூஜ் கால்வாய்களைப் பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் அதிலுள்ள பெட்டிச் செய்தியில், ரோஷ்ஃபோர் 10 பீரை ஐஸ் போலக் குளிரவைத்து பாட்டிலோடு குடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதைத் தயவுசெய்து திருத்துங்கள். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ஒரு கஃபேயில் பரிமாறும் வேலை எனக்கு. நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் இப்படிக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு அவதிப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

நீல மூடி போட்ட அந்த பாட்டில் பார்க்கச் சின்னது, 330 மில்லிதான். ஆனால் ஆல்கஹால் 11.3 சதவீதம். அதாவது 37 மில்லி சுத்த ஆல்கஹால். நம் ஊர் 650 மில்லி பாட்டிலில் இருப்பது 5 சதவீத பீர் என்றால், அதில்கூட 32 மில்லி சொச்சம்தான். இது தெரியாமல் தாகத்துக்குக் குடிப்பதுபோல இரண்டை மடமடவென்று காலி செய்துவிட்டு, எழுந்திருக்கும்போது மேசையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவருக்கு ஒரு மாலைக்கு ஒன்றே போதும். அதையும் ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்கலாம். வண்டி ஓட்டுகிறவர் தொடவே வேண்டாம்.

அப்புறம் குளிர். ஐஸில் புதைத்தால் இந்த பீரில் வாசனை எழவே எழாது. குடிப்பதற்கு அரை மணி முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். 12 டிகிரிக்கு வந்ததும் வாயகன்ற கோப்பையில் ஊற்றி முகர்ந்து பாருங்கள். முதலில் கருப்பட்டிப் பாகு காய்வதுபோல ஒரு மணம், பிறகு உலர்ந்த அத்தி, திராட்சை. கடைசியில் மெல்லிசாக கிராம்பு. யாரும் கிராம்பு போடுவதில்லை. அது பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டின் வேலை. ரோஷ்ஃபோர் ஊரில், சான் ரெமி மடத்தின் சுவருக்குள் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் மேற்பார்வையில் தயாராகும் பீர் இது. பாட்டிலில் அடைத்த பிறகும் உள்ளே ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருக்கும். அத்தனை பொறுமையாக உருவாகும் ஒன்றை வாசனை பார்க்காமலே விழுங்குவது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஊற்றுவதில்தான் நாங்கள் அதிகம் கவனம் வைப்போம். கோப்பையில் சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ துளி இருந்தாலும் நுரை நிற்காது. அதனால் பச்சைத் தண்ணீரில் அலசி, ஈரத்தோடே சாய்த்துப் பிடித்து, ஒரே சீராக, நடுவில் நிறுத்தாமல் ஊற்றுவோம். பாட்டிலின் அடியில் ஒரு விரல் அளவு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அங்கே படிந்திருப்பது ஈஸ்ட் வண்டல். கலந்தால் பீர் கலங்கிவிடும். விரும்புகிறவர்களுக்கு அதைத் தனியாகச் சின்ன கிளாஸில் தருவோம்.

எல்லா வலுவான பீருக்கும் இதே பக்குவம் என்று நினைத்துவிடக் கூடாது. 8.5 சதவீதம் உள்ள துவல் என்ற பெல்ஜிய பீர் பொன்னிறமானது, நன்றாகக் குளிர்ந்திருந்தால்தான் அழகு. டூலிப் பூ வடிவ கிளாஸில் பாதி நுரையோடு அதைக் கொடுப்போம்.

ஊருக்கு வாங்கிப் போகிறவர்களுக்கு ஒன்று. பெட்டிக்குள் குலுங்கி வந்த பாட்டிலை அன்றைக்கே திறக்காதீர்கள். வெயில் படாத இடத்தில் ஒரு நாளாவது நிமிர்த்தி வையுங்கள், ஈஸ்ட் அடியில் போய் உட்காரட்டும்.

ந. கு., ஆண்ட்வெர்ப்