அரை மணி நேரச் சோறு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து வாசல் வரைக்கும் நடக்கிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. அவசரப்பட்டு மாடிப்படி ஏறிவிடாதே.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மூத்த பேரன் வேலைக்குப் போகிறான். ஆன்லைனில் ஆர்டர் செய்கிற சாமான்களைக் கட்டி அனுப்பும் ஒரு பெரிய குடோன். மணிக்கு இத்தனை பெட்டி என்று கணக்கு. சாப்பாட்டுக்கு அரை மணி. அதிலும் கேன்டீனுக்கு நடந்து, க்யூவில் நின்று, திரும்பி வந்து வாசலில் சோதனை முடிவதற்குள் பாதி போய்விடுமாம். போன ஞாயிறு வீட்டில் இருந்தான். உன் தங்கச்சி கருணைக்கிழங்கு மசியல் செய்திருந்தாள். குழம்பு, ரசம், மோர் எல்லாவற்றையும் ஏழே நிமிஷத்தில் முடித்துவிட்டு எழுந்தான். "யாருடா உன்னைத் துரத்துகிறது?" என்று கேட்டாள். அவன் சிரித்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் பெரம்பூர் பேரக்ஸ் ரோடு வரை நடந்தேன். பின்னித் துணி மில் மூடிய பிறகு சினிமாக்காரர்கள் சண்டைக் காட்சி எடுத்தார்களே, அந்த இடம்தான். இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அந்த மில்லில் நூறு வருஷத்துக்கு முன்பும் இதே அரை மணிதான். விடியும்போது உள்ளே போனவர்கள் இருட்டுகிற நேரத்தில்தான் வெளியே வருவார்கள். 1911 தொழிற்சாலைச் சட்டமே ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலையை அனுமதித்தது. நடுவில் கை கழுவிச் சாப்பிட்டு வர அரை மணி. கொஞ்சம் பிந்தினால் கேட்டு மூடிவிடும், கூலி போய்விடும். அதனால் ஓடித்தான் சாப்பிட்டார்கள்.

செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் அந்தப் பக்கத்து வியாபாரிகள். கடைக்கு வருகிற தொழிலாளிகளின் முகத்தைத் தினமும் பார்த்தவர்கள். அவர்கள்தான் பத்திரிகை வேலையில் இருந்த வாடியாவிடம் போய்ச் சொன்னார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். முதலில் கேட்டவற்றில் ஒன்று என்ன தெரியுமா? சாப்பாட்டு நேரத்தைக் கூட்டு என்பது. பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. சோற்றை மென்று விழுங்க நேரம் கேட்டார்கள். அதில் சில நிமிஷம் கூடுதலாகக் கிடைத்தது. அந்தச் சங்கத்தையே முடக்கக் கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. சங்கம் வைப்பவனுக்குச் சட்டப் பாதுகாப்பு 1926-ல்தான் வந்தது.

அப்புறம் 1921. அதே மில்லில் அந்த வருஷம் நடந்த வேலைநிறுத்தத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. ஜூனில் முழு வேகம் பிடித்து மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் அடிதடி, குடிசைகளுக்குத் தீ, துப்பாக்கிச் சூடு. கடைசியில் தொழிலாளிகள் தோற்றார்கள். வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடர்கள் மேல் கருங்காலிகள் என்று பழி விழுந்தது.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. கடைக்காரன் கடன் கொடுப்பானா, ஊரில் காணி நிலம் இருக்கிறதா, சொந்தக்காரன் வீட்டில் நாலு நாள் சாப்பிட முடியுமா என்பதெல்லாம் சாதியைப் பொறுத்த விஷயம். சேரியில் இருந்தவனுக்கு அதில் ஒன்றும் கிடையாது. மில் கூலி நின்ற அன்றே அவன் வீட்டு அடுப்பும் நின்றுவிடும். ஒரே மிஷினில் நின்றவர்கள் கேட்டைத் தாண்டியதும் வேறு வேறு தெருவுக்குப் போனார்கள். அங்கே ஒருவன் வீட்டில் இன்னொருவன் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டான். முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும் அந்தப் பிளவு வசதியாகப் போயிற்று. திரு.வி.க. மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்று உனக்குத் தெரியும். ஆனால் சேரி அடுப்பைப் பற்றிச் சங்கம் முதல் நாளிலேயே யோசித்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் தூத்துக்குடியில் 1908-ல் நடந்ததை இதோடு வைத்துப் பார். கோரல் மில்காரர்கள் வேலையை நிறுத்தியதும் வ.உ.சி. ஊரெல்லாம் நன்கொடை திரட்டி அவர்கள் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். பத்து நாளுக்குள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. அது சின்னப் போராட்டம், சூழ்நிலையும் வேறு, சரிதான். ஆனாலும் பின்னால் சோறு இருந்தவன்தான் நிற்க முடிந்தது.

பேரனிடம் இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டான். பாவம், உடம்பு அலுப்பு.

தை மாசம் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வா. பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகும் தூக்குவாளியை மூடாதவன் நீ. அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. உங்கள் ஊர் மில் கதையை நீயே சொல்லு.

உன் நண்பன்