துணி வியாபாரியை மறித்தோம், தரகருக்குத் தேத்தண்ணி கொடுத்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

‘பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கிறான்’ என்ற வதந்தி எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கம் வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றுகிறது. அண்மையில் பக்கத்து டிவிஷனில் தலையணை உறையும் படுக்கை விரிப்பும் விற்க வந்த ஒருவரை இளைஞர்கள் மறித்து, ரோட்டிலேயே மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டார்கள். விசாரித்தால், அவர் கீழ்த் தோட்டங்களில் தவணைக்குத் துணி கொடுக்கிற மனிதர். அடையாள அட்டையைப் பறித்துப் படம் எடுத்துப் போட்டவர்களுக்கு, ஆள் நல்லவர் என்று தெரிந்த பிறகு அதை அழிக்க மனம் வரவில்லை. இன்றைக்கும் அந்தப் படம் குழுவுக்குக் குழு போய்க்கொண்டிருக்கிறது.

உண்மையாகவே நம் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கென்று கொண்டுபோகிற தரகர்கள் மூட்டையோடு வருவதில்லை. திரீவீலில் வந்து இறங்கி, லயத்து வரிசை வீட்டின் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, அட்வான்ஸ் என்று கொஞ்சம் காசையும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை போகும் பஸ்ஸில் ஒரு நாள் எனக்கு முன் சீட்டில் நடந்த பேச்சு இது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் ஒரு பிள்ளை. பக்கத்தில் நல்ல சேலை கட்டிய, முகம் நிறையச் சிரிப்போடு ஒரு பெண். “எத்தனாம் வகுப்பு தங்கச்சி?” “ஒம்பதுங்க.” “அம்மா கொழுந்துக்குப் போறாங்களா? அப்பா?” “அப்பா இல்லீங்க.” “கடையில கணக்கு நிறைய நிக்குதா?” அதற்கும் பிள்ளை பதில் சொன்னது. பெரியவர்கள் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நாங்கள்தானே வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம்! லய நம்பர், தம்பி தங்கை எத்தனை பேர், தாயின் போன் நம்பர் என்று கேள்வி போய்க்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல், “நீங்க யாரு வீட்டுக்குப் போறீங்கம்மா?” என்று கேட்டேன். கொஞ்சமும் தடுமாறாமல் ஒரு கோயில் கமிட்டிக்காரரின் பெயரைச் சொல்லி, “அவரு எனக்கு மச்சான் முறைங்க” என்றார். பிறகு விசாரித்துப் பார்த்தேன். அது பொய்யும் இல்லை.

‘தெரியாதவர்களோடு பேசாதே’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தி இங்கே எடுபடாமல் போவது இதனால்தான். தரகர் யாரோ ஒருவருக்குச் சொந்தமாகத்தான் வருகிறார். எந்த வீட்டில் ஆண் துணை இல்லை, எந்த வீட்டில் கடன் என்று சொல்லிக்கொடுக்க தோட்டத்துக்குள்ளேயே ஆள் இருக்கிறது. அவருக்கும் ஒரு பங்கு.

இதற்கென்று ஒரு பருவமும் உண்டு. தீபாவளி முற்பணம் வாங்கிச் செலவழித்த பிறகு மாதா மாதம் சம்பளத்தில் வெட்டு விழும். ‘பேர்’ என்று பதியும் வேலை நாள் குறைந்த மாதமென்றால் கைக்கு வருவது கடைக்காரருக்கே போதாது. பண்டிகைக்குப் புதுச் சட்டையும் போனுமாகக் கொழும்பிலிருந்து வந்தவர்களைப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் திரீவீல் வருகிறது.

2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுப் பிள்ளை கொழும்பில் வேலை பார்த்த வீட்டில் தீக்காயப்பட்டு, ஆஸ்பத்திரியில் உயிர் விட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. கைதானவர்களில் அந்தப் பிள்ளையைக் கூட்டிப்போன தரகரும் ஒருவர். மலையகம் முழுக்க ஆர்ப்பாட்டம் செய்தோம். அடுத்த தரகர் வந்தபோது நாற்காலி போட்டோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 16 வயது வரை கட்டாயக் கல்வி. வேலைக்குச் சேர்க்கும் ஆகக் குறைந்த வயதையும் 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தினார்கள். ஆனால் கேட் பூட்டிய வீட்டின் பின்பக்க அறைக்குள் எந்த அதிகாரி போய்ப் பார்ப்பது? சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம் என்கிறார்கள், நல்ல சேவைதான். போன மறுநாளே போனைப் பறித்து வைத்துக்கொள்கிற வீட்டிலிருந்து அந்தப் பிள்ளை எப்படி அழைக்கும்? அழைக்க வேண்டியவர்கள் இங்கே இருக்கிற நாம்தான். தரகர் இன்னும் லயத்தில் இருக்கும்போதே அழைக்க வேண்டும்.

பதினெட்டு தாண்டியவர்கள் கொழும்புக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. கடைகளில் நின்று உழைத்த பெண் பிள்ளைகளின் காசில் எழும்பிய வீடுகள் எங்கள் தோட்டத்திலேயே இருக்கின்றன. நான் கேட்பது ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி. ஒரு பிள்ளை இரண்டு வாரம் வராவிட்டால் பெயரைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டு இருந்துவிடாமல், அதிபர் அன்றைக்கே கிராம சேவகருக்கும் பிரதேச செயலகத்துச் சிறுவர் உத்தியோகத்தருக்கும் எழுத்தில் அறிவிக்கட்டும். ஆள் சேர்க்க வருகிறவர் பெயர், அடையாள அட்டை, வேலை செய்யப்போகும் வீட்டு விலாசம் ஆகியவற்றைக் கிராம சேவகரிடம் பதியாமல் யாரையும் கூட்டிப்போக முடியாது என்று பிரதேச செயலகம் அறிவிக்கட்டும். கோயில் கமிட்டிகளும் தொழிற்சங்கத் தோட்டத் தலைவர்களும் முதலில் தங்கள் வீட்டு விருந்தாளிகளைக் கேள்வி கேட்கட்டும். துணி வியாபாரியின் அடையாள அட்டையைப் படம் பிடித்த இளைஞர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
அக்கரப்பத்தனை.