எதிரியும் களைப்படையட்டும்: போர்வியூக ஆட்டங்களை வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

இருதரப்பும் மாறி மாறிச் சுற்று முறையில் ஆடும் கணினிப் போர்வியூக விளையாட்டுகளை உருவாக்கும் வடிவமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக உங்கள் ஆட்டங்களை ஆடிவருகிறேன். குண்டடி பட்டு விழும் வீரனுக்கு நீங்கள் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட, நடந்து நடந்து கால் ஓய்ந்த வீரனுக்குக் காட்டவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. களைப்பை ஒரு விதியாகவே கொண்டுவந்த நல்ல ஆட்டங்கள் சிலவற்றிலும் அவ்விதி ஆடுபவரின் படையை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. எதிரி எந்நேரமும் புதுத்தெம்போடு வந்து நிற்கிறான். இவ்விரண்டையும் மாற்றுங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

பேரரசு ஒன்றைக் கட்டியெழுப்பும், பலருக்கும் பழக்கமான சிவிலைசேஷன் 6 ஆட்டத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2016இல் வெளிவந்த அதில் ஒரு படைப்பிரிவுக்கு, அடிபடும்போது குறையும் 100 உயிர்ப்புள்ளிகள் உண்டு. ஒரு சுற்று முழுவதும் எதுவும் செய்யாமல் நின்றால், எதிரி மண்ணில் 5 புள்ளிகளும், எவருக்கும் உரிமையில்லாத நிலத்தில் 10 புள்ளிகளும், சொந்த மண்ணில் 15 புள்ளிகளும், நகருக்குள் 20 புள்ளிகளும் மீளும். அதாவது, 20 புள்ளிகளோடு தள்ளாடும் ஒரு வாள்வீரர் பிரிவு முழுமையாகத் தேற எதிரி மண்ணில் 16 சுற்றுகள் ஆகும். தன் நகருக்குத் திரும்பிவிட்டால் 4 சுற்றுகள் போதும். முற்றுகையை விடாமல் தொடர்வதா, படையைப் பின்னுக்கு இழுப்பதா என்று ஆடுபவரை நிறுத்தி யோசிக்க வைக்கும் இந்த எளிய கணக்கை நான் மிகவும் மதிக்கிறேன். எங்கே ஓய்வெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே மீட்சி அமையும் என்ற உண்மை அதில் இருக்கிறது. ஆயினும் அதே ஆட்டத்தில், ஒரு கண்டத்தின் இக்கரையிலிருந்து அக்கரை வரை முப்பது சுற்றுகள் இடைவிடாமல் நடந்த படை, அன்று காலை நகரைவிட்டுப் புறப்பட்ட படைக்கு நிகரான வலிமையோடு போரிடும். காயத்துக்குக் கணக்கு இருக்கிறது, களைப்புக்கு இல்லை.

இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிய ஆட்டங்களில் 1999இல் வந்த ஜாக்ட் அலையன்ஸ் 2 என் மனத்தில் இன்றும் முதலிடம் பெறுகிறது. அருல்கோ என்ற கற்பனை நாட்டில் போரிடும் அதன் கூலிப்படை வீரர்களுக்கு உடல்நலம் ஓர் அளவு, தெம்பு மற்றோர் அளவு. ஓடினாலும் அளவுக்கு மீறிச் சுமை தூக்கினாலும் தெம்பு வடியும். முற்றிலும் வடிந்துவிட்டால், ஒரு கீறல்கூட இல்லாத வீரன் சண்டையின் நடுவே சுருண்டு விழுந்துவிடுவான். குடுவைத் தண்ணீர் கொடுத்து அவனைச் சற்றுத் தேற்றலாம். ஆனால் தூக்கம் கெட்டவனின் தெம்பு ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. அந்த எல்லையை உயர்த்தத் தூக்கம் ஒன்றே வழி. காயம்பட்டவருக்குச் சிகிச்சை செய்பவரும் விழித்திருந்தால்தான் வேலை நடக்கும் என்பதால் அவரும் களைத்துப்போவார். இத்தனையும் நடந்துகொண்டிருக்க, நாம் பிடித்த ஊரை மீட்க எதிரிப்படை எந்த நேரத்திலும் வரக்கூடும். யாரைத் தூங்கவைப்பது, யாரைக் காவலுக்கு நிறுத்துவது என்று நள்ளிரவில் நான் திணறிய அளவுக்கு வேறெந்த ஆட்டத்திலும் திணறியதில்லை.

பூமியைப் பிடித்த வேற்றுக்கிரகவாசிகளோடு போரிடும் எக்ஸ்காம் 2 ஆட்டத்துக்கு 2017இல் வந்த வார் ஆஃப் தி சோசன் விரிவாக்கம் இதையே மனத்தின் பக்கமிருந்து அணுகியது. ஒவ்வொரு பணியிலும் வீரரின் மனவுறுதி சிறிது சிறிதாகக் குறையும். அது மிகவும் தேய்ந்துவிட்டால் அவர் களைத்தவராகக் குறிக்கப்படுவார். களைத்தவரைக் களத்துக்கு அனுப்பத் தடையில்லை. ஆனால் அவர் பீதியடையலாம், மனத்தில் தங்கிவிடும் அச்சம் ஒன்றோடும் திரும்பலாம். அதற்கு முன்பெல்லாம் தேர்ந்த ஆறு பேரையே திரும்பத் திரும்ப அனுப்பிவந்த நான், அந்த ஒரு விதியால் புதியவர்களுக்கும் பயிற்சி கொடுக்கக் கற்றுக்கொண்டேன். எதிரி முடித்துவிட்டால் நாம் தோற்றுப்போகும் அவதார் என்ற இரகசியத் திட்டத்தின் கெடு பின்னால் துரத்துவதால் அங்கே ஓய்வும் இலவசமாகக் கிடைப்பதில்லை. விலையற்ற ஓய்வென்றால், ஆடுபவர் 'அடுத்த சுற்று' பொத்தானைப் பலமுறை அழுத்திவிட்டுப் போய்விடுவார். இவ்வளவு நுட்பமாகச் செய்தவர்கள் வேற்றுக்கிரகப் படைக்கு மட்டும் களைப்பே வைக்கவில்லை. எத்தனை நாள் அலைக்கழித்தாலும் அடுத்த களத்தில் அவர்கள் புதியவர்களாகவே நிற்பார்கள்.

அந்த இடத்தில்தான் போர்க்கலையின் பெரும்பகுதி ஆட்டத்திலிருந்து நழுவிப்போகிறது என்று நான் கருதுகிறேன். கி.மு. 218 டிசம்பரில், வட இத்தாலியின் திரெபியா ஆற்றங்கரையில், கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹன்னிபால் விடியற்காலையிலேயே வட ஆப்பிரிக்காவின் நுமிடியக் குதிரைப்படையை அனுப்பி ரோமானியர் பாசறையைச் சீண்டினார். ரோமானியத் தளபதி செம்ப்ரோனியஸ் காலை உணவுகூட உண்ணாத தன் வீரர்களைக் கிளப்பி, மார்பளவு ஓடிய குளிர்நீரைக் கடக்கவைத்து அக்கரைக்குக் கொண்டுவந்தார். அங்கே கார்த்தேஜ் வீரர்கள் வயிறார உண்டு, தீயருகே குளிர்காய்ந்து, உடலில் எண்ணெய் பூசிக்கொண்டு காத்திருந்தார்கள். ஹன்னிபாலின் தம்பி மாகோவின் படை மறைவிலிருந்து வந்து பின்புறம் தாக்கியது பிறகு நடந்தது. பசியையும் குளிரையும் கொண்டு ஹன்னிபால் அதற்கு முன்பே பாதிப் போரை நடத்தி முடித்திருந்தார். எதிரி களைப்பதே இல்லை என்னும் ஆட்டத்தில் இப்படியொரு திட்டத்தைத் தீட்டுவதில் பொருளே இல்லை.

இருதரப்புக்கும் ஒரே விதி வைப்பது கடினமன்று. 2017இல் முழுமையாக வெளிவந்த பேட்டில் பிரதர்ஸ் ஆட்டத்தில், ஒவ்வொரு வெட்டுக்கும் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் களைப்பு ஏறும். சுற்றுக்கு 15 புள்ளிகள் இறங்கும். கனமான கவசம் அணிந்தவருக்குத் தாங்கும் எல்லையே குறைவு. எதிரே நிற்கும் கொள்ளையருக்கும் இதே கணக்குத்தான். ஆகவே கேடயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்கள் கை சோரும் வரை பொறுத்திருந்து வெல்ல முடிகிறது. ஆனால் சண்டை முடிந்ததும் அந்தக் களைப்பு மொத்தமும் மறைந்துவிடுகிறது, அடுத்த களத்துக்குத் தொடர்வதில்லை.

களைப்பைச் சேர்த்தால் கணக்கு பெருகி ஆட்டம் மந்தமாகும் என்ற உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும். ஆடுபவருக்குத் தெம்பு, களைப்பு, சோர்வின் உச்சம் என்ற மூன்று நிலைகள் தெரிந்தால் போதும். உணவு கிடைத்த இரவுக்கும் கிடைக்காத இரவுக்கும், கூரைக்கடியில் தங்குவதற்கும் எதிரியின் கண்ணெதிரே தங்குவதற்கும் மீட்சியில் வேறுபாடு இருக்கட்டும். எதிரித் தளபதியாக ஆடும் கணினியும் தன் படையை ஓய்வுக்கு அனுப்பக் கற்கட்டும். அனுப்பத் தவறினால் அதன் விளைவையும் அனுபவிக்கட்டும். ஒற்றர்கள் கொண்டுவரும் செய்தியில் எதிரிப்படையின் எண்ணிக்கையோடு, அது எத்தனை நாளாக நடந்துகொண்டிருக்கிறது, கடைசியாக எங்கே தங்கி உண்டது என்பவற்றையும் எங்களுக்குச் சொல்லுங்கள்.

மிக்க மதிப்புடன்,
நெடுநாள் ஆட்டக்காரன் ஒருவன்