உப்புக்காற்றுக்கு எண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பன் பாலம் செய்தியில் அடிபடும்போதெல்லாம், உலோகத்தை அதிகம் அரிக்கும் இடங்களில் அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்தது இதுவே என்ற வாக்கியமும் தவறாமல் வந்துவிடுகிறது. ஆண்டுக்கு எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அரிக்கிறது என்ற கணக்கு மட்டும் உடன் வருவதில்லை.

அதை அளப்பது கடினமன்று. பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர் எஃகுத் தகட்டைத் துல்லியமாக எடைபோட்டு, திறந்தவெளிச் சட்டத்தில் ஓராண்டு வைத்து, துருவை மட்டும் கரைக்கும் கரைசலில் கழுவி, மறுபடி எடைபோட வேண்டும். 10 கிராம் குறைந்திருந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் சராசரியாக 42 மைக்ரான் உலோகம் போயிற்று என்று பொருள், காற்றின் அரிப்புத்திறனை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 என்ற பன்னாட்டுத் தரத்தில் அது நடுத்தரமான சி3 வகை. எண்பது மைக்ரானைத் தாண்டினால் சி5, இருநூறையும் தாண்டினால் சிஎக்ஸ். காற்றிலுள்ள உப்பைத் தனியே அறிய, மழை படாத கூரையின் கீழ் ஈரத்திரி ஒன்றை வைத்து, அதில் படியும் குளோரைடை அளக்கிறார்கள்.

ஓர் ஊருக்கு ஓர் எண் போதாது. கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே வந்தாலே உப்புப் படிவு வெகுவாகக் குறையும். மழை கழுவாத கூரையடியிலோ உப்பு தங்கிவிடுகிறது. எங்கள் வீட்டு இரும்புச் சன்னல் முதலில் துருப்பிடித்தது சாரல் படாத பக்கத்தில்தான்.

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் ஊரில் இத்தகைய சோதனைகளை நடத்தியுள்ளது. ஆகவே அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடலோர ஊர்களில் விளக்குக் கம்பம் நடும்போதும் கைப்பிடிக் கம்பி பொருத்தும்போதும் அந்த அறிவு ஒப்பந்தப் புள்ளிவரை வந்து சேர்வதாகத் தெரியவில்லை. இரும்பைக் காக்க அதன்மேல் பூசும் துத்தநாகம், சி3 காற்றில் முதலாண்டில் 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை தேய்கிறது. சி5 காற்றில் 4.2 முதல் 8.4 வரை. இதே வேகம் தொடர்வதாகக் கொண்டால், 85 மைக்ரான் பூச்சு முதலாவதில் நாற்பது ஆண்டுகளாவது தாங்கும். இரண்டாவதில் பத்திலிருந்து இருபது ஆண்டுகளே. இரண்டுக்கும் ஒரே பூச்சைக் கேட்பது எந்தக் கணக்கில் சேரும்?

கரையோர உள்ளாட்சிகள், கரையில் ஒன்றும் ஊருக்குள் ஒன்றுமாக தகடு வைக்கும் சட்டகங்கள் இரண்டை நிறுத்தி, ஓராண்டு முடிவை வெளியிட்டு, அந்த வகையை ஒப்பந்த ஆவணத்திலேயே குறிப்பிட வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
இராமேசுவரம்