ஆஸ்டின் கேபிடல் பயணத்துக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் நம் அப்பா அம்மாக்களை டெக்சாஸ் மாநிலச் சட்டசபைக் கட்டடமான கேபிடலுக்கு அழைத்துப்போய் நல்லபடியாகத் திரும்பிவிட்டோம். "வெள்ளைக்காரன் சட்டசபையில நமக்கு என்னப்பா வேலை?" என்று கேட்டுக்கொண்டே காரில் ஏறியவர்கள், திரும்பும் நேரத்தில் கிளம்ப மனமில்லாமல் நின்றார்கள்.

அந்தப் பெருமை முதலில் வழிகாட்டி அம்மையாருக்குத்தான். இலவசச் சுற்றுதானே என்று மடமடவென முடித்து அனுப்பியிருக்கலாம். ஊரில் கல்குவாரி வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வெளிச்சுவரின் செந்நிறக் கிரானைட்டைத் தடவிப் பார்த்து, "இதை யாரு உடைச்சது?" என்று கேட்டார். அம்மையார் எதையும் மறைக்கவில்லை. முதலில் சுண்ணாம்புக்கல்லில் கட்டத்தான் திட்டம். அதில் இரும்புச் சத்து இருந்ததால் வெயில் மழை பட்டுக் கறை ஏறும் என்று கைவிட்டார்களாம். பர்னெட் என்ற ஊர்ப் பக்கத்து மலையின் சொந்தக்காரர்கள் கிரானைட்டைச் சும்மாவே கொடுக்க, அதை உடைக்கச் சிறைக்கைதிகளை இறக்கியிருக்கிறார்கள். கைதிகளை வைத்து வேலை வாங்குவதா என்று கல்தச்சர் சங்கம் ஒதுங்கிக்கொள்ள, ஒப்பந்தக்காரர் ஸ்காட்லாந்திலிருந்து 60-க்கும் மேற்பட்ட கல்தச்சர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தாராம். 1888-இல் கட்டடம் திறந்தது. பெரியவர் கேட்டு முடித்து, "எல்லா ஊர்லயும் கல்லு உடைக்கிறவன் பாடு இதுதான்" என்றார்.

கட்டுமானத்துக்குக் கூலி பணமாக இல்லை, நிலமாக: மாநிலத்தின் வடமேற்கு மூலையில் 30 லட்சம் ஏக்கர். பழைய தஞ்சாவூர் ஜில்லாவை விடப் பெரிது என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர். வாஷிங்டனில் இருக்கும் நாடாளுமன்றக் கேபிடலை விட இது உயரம் என்பதையும் அம்மையார் சொன்னார். டெக்சாஸ்காரர் அதைச் சொல்லாமல் விடுவாரா!

இத்தனையையும் உடனுக்குடன் தமிழில் கதைபோலச் சொன்ன கல்லூரிப் பெண்ணுக்குத் தனி நன்றி. கதவுக் கீலில்கூட 'டெக்சாஸ் கேபிடல்' என்று எழுத்து வார்த்திருப்பதைக் கண்டுபிடித்துக் காட்டியதும் அவள்தான். அப்புறம் ஒரு மாமா எந்தக் கதவையும் விடவில்லை, குனிந்து குனிந்து பார்த்தார்.

சோதனை வாசலில் எவர்சில்வர் அடுக்கைத் திறக்கச் சொல்லி, புளியோதரை வாசனையில் சிரித்துவிட்ட காவலருக்கும், சக்கர நாற்காலிக்காகப் படியில்லாத வாசல் வரை கூடவே வந்த ஊழியருக்கும் நன்றி. நடுவிலுள்ள குவிமாடத்தின் அடியில், தரையில் பதித்த நட்சத்திரத்தின் மேல் நின்று ஒரு பாட்டி "முருகா" என்றார். குரல் மேலே போய் அவர் காதுக்கே திரும்பி வந்தது. சுற்றியிருந்த பள்ளிப் பிள்ளைகள் ஆளாளுக்கு வந்து "முருகா" சொல்லிப் பார்த்தார்கள். அவர்களை அதட்டாமல் விட்ட ஆசிரியைக்கும் ஒரு நன்றி.

கார் ஓட்டியவர்களுக்கும் விடியற்காலையில் எழுந்து சமைத்தவர்களுக்கும் சொல்லாமலே தெரியும். யாருடையதோ இரண்டு டப்பாக்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. கழுவி வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.