தாளை நீட்டாதீர்கள், உட்கார வைத்துச் சொல்லுங்கள்

சென்னையில் மகப்பேறு மருத்துவமனைகளும் ஸ்கேன் மையங்களும் நடத்தும் நிர்வாகிகளுக்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வேளச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறேன். உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கே டோக்கன் வரிசை வாசற்படி தாண்டி நிற்பதைப் பார்த்தவள்தான். ஆனாலும் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். கரு வளரவில்லை என்று சந்தேகம் வந்தால், அந்தப் பெண்ணை உட்கார வைத்து, அவளுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள்.

என் மகளுக்கு எட்டாவது வாரத்தில் முதல் ஸ்கேன். எந்த மையம் என்று எழுதப்போவதில்லை. திரையை அவள் பக்கம் திருப்பவே இல்லை. மருத்துவர், பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணிடம் "பதினெட்டு எம்எம்" என்றார். மகளிடம் இரண்டு டிஷ்யூ தாளைக் கொடுத்து, "துடைத்துக்கொண்டு வெளியே இருங்கள்" என்றார். வெளியே அவளுக்குக் கிடைத்த நாற்காலி, வளைகாப்பு முடிந்து வந்திருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில். அந்தப் பெண் கையை அசைக்கும்போதெல்லாம் கண்ணாடி வளையல்கள் குலுங்கின. நாற்பது நிமிடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே என் மகள் தரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு ஓர் உறை வந்தது. உள்ளே 'பிளைட்டட் ஓவம்' என்று எழுதி ஒரு கேள்விக்குறி. பை இருக்கிறது, அதற்குள் கரு வளரவில்லை என்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் பெயராம்; அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பதினொரு நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். ஏன் என்று சொல்லவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மருமகன் கைப்பேசியில் அகராதியைப் பார்த்தார். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் வந்த பொருள் பயிரைத் தாக்கும் கருகல் நோய். நெற்பயிரின் இலைக்கருகலுக்குச் சொல்லும் சொல்லைத்தான் என் மகளின் வயிற்றுக்கும் எழுதியிருக்கிறீர்கள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

அந்தப் பதினொரு நாளும் எங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மசக்கை நிற்கவில்லை. காலையில் அவள் வாந்தி எடுக்கும்போதெல்லாம், குழந்தை நன்றாக இருக்கிறது என்று நான் அடித்துச் சொன்னேன். திருக்கருகாவூர் அம்மனை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். அதே வாயால், "பப்பாளி சாப்பிட்டாயா?" என்று கேட்டவளும் நான்தான். "அந்த ரோட்டில் தினமும் ஸ்கூட்டர் ஓட்டிப் போகாதே என்று எத்தனை முறை சொன்னேன்?" என்றும் கேட்டேன். சம்பந்தி அம்மா தொலைபேசியில் வேறு சில கேள்விகள் கேட்டார்கள். நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் நாங்கள் பழியால் நிரப்பினோம். எல்லாம் அவள் தலையில் விழுந்தது.

மறு ஸ்கேனை வேறோர் இடத்தில் எடுத்தோம். முதல் ஸ்கேனில் பதினெட்டு மில்லிமீட்டராக இருந்த பை இருபத்தேழு மில்லிமீட்டர் ஆகியிருந்தது, உள்ளே கரு இல்லை. அங்கே வயதில் என் மகளைவிடச் சிறியவராக இருந்த ஒரு மருத்துவர் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் வரைந்தார். "இது கருப்பைக்குள் இருக்கும் பை. இதற்குள் கரு வளரவே இல்லை, அல்லது மிக ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது. பெரும்பாலும் கரு உண்டாகும்போதே குரோமோசோம்களில் நேரும் பிழைதான் காரணம். நீங்கள் செய்த எதனாலும் அல்ல, செய்யாமல் விட்ட எதனாலும் அல்ல" என்றார். வாந்தி ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். நஞ்சுக்கொடியாக வேண்டிய திசு தொடர்ந்து ஹார்மோன் சுரந்துகொண்டிருந்ததாம். சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு வந்ததும் அதனால்தான்.

பதினொரு நாள் காக்க வைத்ததற்கும் காரணம் இருந்தது. பை 25 மில்லிமீட்டர் ஆகியும் கரு தெரியாவிட்டால்தான் உறுதியாகச் சொல்வார்களாம். அதற்குக் குறைவாக இருந்தால் நாள் கணக்கு பிசகியிருக்கலாம், அவசரப்பட்டு நல்ல கருவைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் காத்திருப்பு. எவ்வளவு பொறுப்பான காரணம்! இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

தானாக வெளியேறும்வரை காத்திருக்கலாம், மாத்திரை போடலாம், உறிஞ்சி எடுக்கலாம் என்று மூன்று வழிகளையும் சொல்லி, எது வேண்டும் என்று அவளையே கேட்டார் அந்த மருத்துவர். எவ்வளவு இரத்தம் போனால் உடனே ஓடிவர வேண்டும் என்றும் சொன்னார். ஒருமுறை இப்படி ஆனவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த கரு நல்லபடியாகவே தங்கும் என்றும் சொன்னார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா?

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலிருந்தே விதி இருக்கிறது. அதற்குச் சான்று வாங்கிக்கொள்ளலாம் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. என் மகள் இருந்த நான்கு நாள் விடுப்பையும் எடுத்துவிட்டு, ஐந்தாம் நாள் சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்குப் போனாள். அலுவலகங்கள் சொல்லாது. நீங்களாவது சொல்லக் கூடாதா? கட்டண விவரத்தை மட்டும் மூன்று இடத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சுவர்களில் தமிழுக்கு இடம் இல்லாமல் இல்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரிவிக்கமாட்டோம் என்ற பலகை, 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு மையத்திலும் இருக்கிறது. அதே தமிழில், பை மட்டும் தெரிந்தால் என்ன பொருள், ஏன் காத்திருக்க வேண்டும், எதற்கு உடனே வர வேண்டும் என்று ஒரே ஒரு பக்கம் அச்சடித்து வையுங்கள். உறையோடு அதையும் கொடுங்கள். அந்த நாற்பது நிமிடம் அவள் தனியாக இருக்க ஒரு மூலையில் நாற்காலி போடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், தாளை நீட்டாமல், உட்கார வைத்துச் சொல்லுங்கள். கூட வந்திருக்கும் அம்மாவையும் மாமியாரையும் உள்ளே கூப்பிட்டு, அவர்கள் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

போன வாரம் காய்கறிக் கடையில் பப்பாளி வண்டியைத் தாண்டும்போது என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நிஜமாகவே அதனால் இல்லைதானே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். என் வாயிலிருந்து வருவதை அவள் இன்னும் முழுதாக நம்பவில்லை. மருத்துவர்கள் சொன்னால் நம்புவார்கள். தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
வேளச்சேரி, சென்னை