பில் போட போன் நம்பர் எதற்கு?

ஆசிரியருக்கு,

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியானாலும், முக்கிய விதிகள் அமலுக்கு வர 18 மாதம் ஆகும் என்ற செய்தி படித்தேன். 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பதெல்லாம் சரி; கடைக் கல்லாவில் போன் நம்பரைக் கட்டாயமாகக் கேட்பதை நிறுத்தவும் அதுவரை காத்திருக்க வேண்டுமா? பில் போட செல்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒன்றிய நுகர்வோர் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்குச் சொல்லிவிட்டது. எங்கள் பகுதி மருந்துக் கடையிலோ, "நம்பர் அடிக்காம சிஸ்டம் அடுத்த பக்கம் போகாதுங்க" என்கிறார்கள். பின்னால் நிற்பவர்கள் காதில் விழ, பெரியவர்கள் பத்து இலக்கத்தையும் உரக்கச் சொல்கிறார்கள். கையில் சர்க்கரை மாத்திரைச் சீட்டு வேறு.

பில்லிங் மென்பொருளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட வழி இருக்க வேண்டும். 'எண் தருவது உங்கள் விருப்பம்' என்று கல்லா அருகே தமிழில் எழுதி ஒட்டவும் அரசு உத்தரவிடலாம்.

– வாசகர், கும்பகோணம்